உள்ளே புது ஈயம், வெளியே பழைய பெயர்: கும்பகோணத்து ஈயப் பட்டறைகள்

கும்பகோணம் கடைத்தெருவை ஒட்டிய சந்துகளில் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசும் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. எண்ணிக்கை குறைந்துவிட்டது, கைப்பழக்கம் குறையவில்லை. நேற்று வாங்கிய புதுப் பாத்திரத்துக்கு ஈயம் பூச வருபவர்களுக்கு இங்கே பெரிய கவலை கிடையாது. இந்த மதிப்பீடு வேறு விதமான பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்காக: கழுத்தில் பெயர் வெட்டிய தவலை, கல்யாணச் சீரில் வந்த குண்டான், இருவரில் ஒருவர் போய்விட மற்றவர் மட்டும் புழங்கிக்கொண்டிருக்கும் ஜோடிச் சொம்பு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். உள்பூச்சு வேலைக்கு இந்த ஊரைத் தாராளமாக நம்பலாம், ஈயம் எது என்று பார்த்துக்கொண்டால் போதும். வெளி மெருகை மட்டும் வாய்திறந்து சொல்லாமல் ஒப்படைக்கக் கூடாது. பாத்திரத்தின் உள்பக்கம் சாப்பாட்டுக்கு, அது புதிதாகத்தான் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் அதைப் புழங்கியவருடையது, அதில் யாரும் கை வைக்கக் கூடாது. இந்த இரண்டையும் பிரித்துப் புரிந்துகொள்ளும் பட்டறைதான் நல்ல பட்டறை. சொன்னால் புரிந்துகொள்பவர்கள் இங்கே நிறையவே இருக்கிறார்கள். சொல்லாவிட்டால் நல்ல எண்ணத்தோடேயே பெயரை அழித்துக் கொடுப்பார்கள், ஏனென்றால் பெரும்பாலான வாடிக்கையாளர் கேட்பது பளபளப்பு.

கிளம்பும் முன் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளி, தயிர், எலுமிச்சை பட்டால் பச்சைக் களிம்பு ஏறும், அதனால்தான் ஈயம். வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும். பொங்கல் வைக்கும் வெண்கலப் பானைக்கு ஈயம் பூசும் வழக்கம் இல்லை. விரல் முட்டியால் தட்டினால் வெண்கலம் மணிபோல நீளமாக ஒலிக்கும், பித்தளை சட்டென்று அடங்கிவிடும். இந்த வேறுபாடு நெளிவு எடுக்கும்போது முக்கியம். பித்தளைத் தகடு சுத்தியல் அடியைத் தாங்கும். வார்த்த வெண்கலம் விரிசல் விடும், விட்ட விரிசலை ஒழுங்காக ஒட்டவும் முடியாது. "வெண்கலத்துல தட்டாதீங்க" என்று கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

வேலை நடக்கும் விதம் இதுதான். முதலில் பழைய ஈயத்தையும் எண்ணெய்ப் பிசுக்கையும் களிம்பையும் எடுக்க வேண்டும். புளியும் மணலும் போட்டுத் தேய்ப்பது பழைய முறை, நீர்த்த ஆசிட் போடுவது இப்போதைய முறை. இரண்டும் சரிதான், பிறகு நன்றாகக் கழுவினால். அடுத்து கரி உலை. முன்பு துருத்தி, இப்போது பெரும்பாலும் சின்ன மோட்டார் ஊதி. பாத்திரத்தை இடுக்கியால் பிடித்துத் திருப்பித் திருப்பிக் காட்டி ஒரே சீராகச் சூடேற்றுவார்கள். வெள்ளீயம் உருகுவது 232 டிகிரியில், ஆகவே பாத்திரம் அதற்குச் சற்று மேலே நிற்க வேண்டும். அந்தச் சூட்டில் நவச்சாரப் பொடியைத் தூவுகிறார்கள். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழும். அந்த நவச்சாரம் உலோகத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தைத் தின்றுவிட்டு ஈயம் பிடிக்க வழி செய்கிறது. உடனே ஈயக் குச்சியைப் பாத்திரத்தின் உள்சுவரில் ஒரு தொடு. அது வெண்ணெய் போல இறங்கும்போதே பஞ்சையோ பருத்தித் துணியையோ வைத்து ஒரே வீச்சில் மேலும் கீழுமாக இழுப்பார்கள். மஞ்சள் சுவர் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். கடைசியில் தண்ணீரில் ஒரு முக்கு. திறமையுள்ள கைக்கு 3 லிட்டர் குண்டானில் இந்தக் கடைசிக் கட்டம் சில நிமிஷம்தான். அந்தப் புகை கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், குழந்தைகளைப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டாம்.

தவறு எங்கே வரும்? பிசுக்கு போகாத இடத்தில் ஈயம் பிடிக்காது, அங்கே மஞ்சள் திட்டு தெரியும். சூடு போதாவிட்டால் ஈயம் கட்டிகட்டியாக நிற்கும். சூடு மிஞ்சினால் பூச்சு மங்கிப் பழுப்பேறி, உருகிய ஈயம் அடியில் முத்துமுத்தாகத் தேங்கும். ஓட்டை அடைக்க வேண்டியிருந்தால் வரிசை மாறக் கூடாது: நெளிவு எடுத்தல், பிறகு பித்தளைப் பொடியும் வெண்காரமும் வைத்து ஊதிப் பற்றவைத்தல், அதற்குப் பிறகே ஈயம். பற்றவைக்கும் சூட்டில் ஈயப்பூச்சு நிற்காது. ஈயம் பூசி முடித்த பாத்திரத்தில் ஓட்டை கண்டுபிடித்து அப்புறம் ஊதினால் இரண்டு வேலையும் வீண். தண்ணீர் ஊற்றிக் கால்மணி நேரம் வைத்துப் பார்த்துவிட்டுக் கொண்டுபோங்கள்.

இந்தத் தொழிலின் பெயரிலேயே நம் கரையின் பழைய கப்பல் வழி ஒன்று இருக்கிறது. வடக்கே இந்தப் பூச்சைக் கலாய் என்பார்கள், பழைய தமிழ் அகராதியிலும் அந்தச் சொல் உண்டு. துருக்கியிலும் ஈயம் கலாய்தான், பூசுபவர் கலாய்ஜி. இதன் மூலமான அரபுச் சொல், ஈயம் ஏற்றுமதியான மலாய்க் கரைத் துறைமுகம் ஒன்றின் பெயரிலிருந்து வந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். அந்தத் துறைமுகத்தைச் சோழர் கல்வெட்டுகள் சொல்லும் கடாரத்தோடு சேர்த்துப் பார்ப்பவர்களும் உண்டு.

இனி ஈயத்தின் தரம். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, கொஞ்சம் கொஞ்சமாக உடலில் சேர்ந்து குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப் போலப் பல மடங்கு என்பதால் கலப்படத்துக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. கணக்கு ஒன்று சொல்கிறோம்: 18 செ.மீ. அகலம், 15 செ.மீ. உயரமுள்ள குண்டானின் உள்பரப்பு சுமார் 1,100 சதுர செ.மீ. பூச்சின் கனம் 0.02 மி.மீ. என்று வைத்தால் படியும் ஈயம் ஏறத்தாழ 16 கிராம்தான். துடைப்பில் வீணாவதைச் சேர்த்தாலும் இது ஒரு பாத்திரத்துக்குப் பெரிய செலவில்லை. ஆகவே, "சுத்த வெள்ளீயமா போடுங்க, கூடுதல் ஆனா பரவால்ல" என்று முதலிலேயே சொல்வது நல்லது.

குச்சியைக் கையில் வாங்கிப் பாருங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சுத்த வெள்ளீயக் குச்சியைக் காதருகே வைத்து மெல்ல வளைத்தால் உள்ளே கிறீச்சென்று ஒரு சத்தம் வரும். காரீயத்தில் அது வராது. வெள்ளைத் தாளில் தேய்த்தால் காரீயம் பென்சில் போலக் கருங்கோடு போடும். கையில் கனமும் தெரியும்: வெள்ளீயத்தின் அடர்த்தி 7.3, காரீயத்தினுடையது 11.3. இந்தச் சோதனையெல்லாம் பெரிய கலப்படத்தைத்தான் காட்டும். சிறு கலப்பைக் கண்டுபிடிக்க உலோகச் சோதனைக் கூடம்தான் வழி. குச்சியைக் காட்டத் தயங்கும் இடத்தில் பாத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

இப்போது பெயர் விஷயம்.

பழைய பாத்திரங்களில் பெயரைச் சின்ன உளியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டியிருப்பார்கள். எழுத்தை உற்றுப் பார்த்தால் கோடாக இல்லாமல் நெருக்கமான குழிகளின் வரிசையாக இருக்கும். தலைப்பெழுத்து, பெயர், சிலவற்றில் ஊர், சிலவற்றில் கல்யாணத் தேதி. இப்போது மின்சாரப் பேனாவால் எழுதுவது ஆழம் குறைவு. இரண்டுக்கும் எதிரி ஒன்றுதான்: மெருகுச் சக்கரம். உலையில் வெளிப்பக்கம் கறுத்துப் போகும். அந்தக் கறுப்பை எடுக்க ஆசிட்டில் முக்கிவிட்டுச் சக்கரத்தில் காட்டுவார்கள். ஆசிட் எழுத்தின் ஓரத்தை அரிக்கும், சக்கரம் மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தை ஆழமில்லாமல் ஆக்கும். தமிழ் எழுத்தில் முதலில் போவது மெய்யின் மேல் உள்ள புள்ளி. அது ஒரே ஒரு தட்டு, ஒரே ஒரு குழி. இரண்டு முறை சக்கரம் பட்ட சொம்பில் 'ம்' எல்லாம் 'ம' ஆகியிருக்கும், 'ள்' எல்லாம் 'ள' ஆகியிருக்கும். மூன்றாம் முறைக்குப் பிறகு பெயர் இருந்த இடத்தில் வெளிச்சம் மட்டும் இருக்கும்.

கை தேய்த்த தேய்வும் சக்கரம் தேய்த்த தேய்வும் ஒன்றில்லை. சொம்பைச் சாய்வான வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே கை பிடித்த பாத்திரத்தில் தேய்வு ஒரு பக்கம்தான் இருக்கும். வலது கைக்காரர் என்றால் கட்டைவிரல் படிந்த இடத்தில் எழுத்தின் ஓரங்கள் வழவழத்து உருண்டிருக்கும், பள்ளத்துக்குள் கறுப்பு அப்படியே தங்கியிருக்கும். எதிர்ப்பக்கத்து எழுத்துகள் கூர்மையாகவே நிற்கும். சக்கரத்தின் தேய்வு எல்லாப் பக்கமும் ஒரே அளவு. பள்ளமும் பளபளக்கும், ஓரங்கள் ஒரே திசையில் இழுபட்டிருக்கும். காதலர் பிரிந்து போன நாளைச் சுவரில் குறித்து, தொட்டுத் தொட்டு எண்ணியே விரல் தேய்ந்தது என்கிறது 1261ஆம் குறள். இங்கே விரல் பட்டு உலோகம் தேய்ந்திருக்கிறது. அந்த ஒருபக்கத் தேய்வு ஒரு மனுஷியின் கை. அதைச் சமப்படுத்திக் கொடுப்பதற்குப் பெயர் மெருகில்லை.

துருக்கியக் கவிதையைப் படிப்பவர்களுக்கு இது எளிதாகப் புரியும். அங்கே வீட்டுச் சாமான்தான் மனசு. பித்தளைக்குப் பதில் அங்கே செம்புப் பாத்திரம் அதிகம், உள்ளே நம்மைப் போலவே ஈயம், வெளியே உடையவர் பெயரை வெட்டும் வழக்கமும் உண்டு. காதலரைப் பழைய அரசவைக் கவிதை மெழுகுவர்த்தியாகவும் விட்டிலாகவும் பாடியது. ஊர்ப்புறத்துப் பாட்டு கைக்குட்டையைப் பாடியது. கைக்குட்டையைப் பரிசாகக் கொடுத்தால் பிரிவு வரும் என்பது அங்கே நம்பிக்கை, அதனால் பாட்டில் கைக்குட்டை வந்தாலே கேட்பவர் நெஞ்சு திக்கென்று ஆகும். தலைத்துணியின் ஓரத்தில் ஊசியால் பின்னும் பூவேலையில் மிளகாய் வடிவம் வைத்தால், கணவனோடு மனத்தாங்கல் என்று பொருள். வாயால் சொல்ல முடியாததை நூல் சொல்லிவிடும். ஒரு கோப்பைக் காப்பிக்கு நாற்பது வருஷ நினைப்பு உண்டு என்பது அவர்கள் பழமொழி. அந்தக் காப்பி கொதிக்கும் நீளக் காம்புச் செம்புக் கிண்டியும் உள்ளே ஈயம் பூசியதுதான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்தச் சாமான்கள் இன்னும் கிட்டே வந்தன. பெஹ்செத் நெஜாதிகிலை (1916–1979) வீடுகளின் கவிஞர் என்றே அங்கே சொல்வார்கள். எதிப் ஜான்செவெர் (1928–1986) இஸ்தான்புல் பெருஞ்சந்தையில் பழம்பொருள் கடை வைத்திருந்தவர், கடையின் மேல்தட்டில் உட்கார்ந்து எழுதியவர். அவருடைய பேர்போன கவிதை ஒன்றில் ஒருவன் மேஜை மேல் சாவிகளை வைக்கிறான், செம்புக் கிண்ணத்தில் பூக்களை வைக்கிறான், பாலையும் முட்டையையும் வைக்கிறான், ஜன்னல் வெளிச்சத்தை வைக்கிறான். யாரை நேசித்தான், யாரை நேசிக்கவில்லை, அவர்களையும் வைக்கிறான். மேஜை ஓரிரு முறை ஆடிவிட்டு நின்றுகொள்கிறது. பிரிவைப் பற்றிய கவிதை என்று அதைச் சொல்ல முடியாது, வாழும் மகிழ்ச்சியில்தான் அது தொடங்குகிறது. ஆனாலும் நேசித்தவர் ஒருவரை ஒரு சாமான் தாங்கும், ஆடினாலும் தாங்கும் என்ற அறிவு அதில் இருக்கிறது. அடுத்தவர் வீட்டுப் பழைய பொருளைத் தினமும் கையால் தொட்டவருக்கு வரும் அறிவு அது. ஈயப் பட்டறைக்காரரிடமும் அதே அறிவு உண்டு. "இது யார் பேருங்க?" என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடங்கும் பெரியவர்களை இந்தச் சந்துகளில் பார்க்கலாம். அப்படிக் கேட்கும் இடத்தில் பாதி பாரம் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே கொடுக்கும்போது செய்ய வேண்டியவை. பெயர் மேல் மெல்லிய வெள்ளைத் தாளை ஒட்டிப் பிடித்து, மென்மையான பென்சிலைப் படுக்கவைத்துத் தேயுங்கள், குழந்தைகள் காசைத் தேய்த்து எடுப்பார்களே, அதுபோல. எழுத்து அப்படியே தாளில் இறங்கிவிடும். போட்டோவில் தெரியாத புள்ளிகூட இதில் தெரியும். இதைச் செய்யாமல் எந்தப் பட்டறைக்கும் கொடுக்காதீர்கள். அடுத்து, "உள்ள மட்டும் ஈயம், வெளியில ஆசிட்டும் வேணாம், மெஷினும் வேணாம்" என்று சொல்லி, ரசீதிலும் எழுதி வாங்குங்கள். வெளிக் கரியை வீட்டில் சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் போட்டு எடுத்துக்கொள்ளலாம். பெயர் உள்ள பட்டையில் புளி போட வேண்டாம், பள்ளத்தில் உள்ள கறுப்பையும் அது எடுத்துவிடும். அந்தக் கறுப்பு இருப்பதால்தான் பெயரைப் படிக்க முடிகிறது. மங்கிய பெயரைத் திரும்ப வெட்டித் தருவதாகச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். புது வெட்டு பழைய குழிகளின் மேல் சரியாக உட்காராது. பெயர் இரட்டை இரட்டையாகத் தெரியும்.

நெளிவைப் பற்றியும் யோசித்துச் சொல்லுங்கள். அடிப்பாகம் நெளிந்து அடுப்பில் ஆடினால் எடுத்துத்தான் ஆக வேண்டும். தோளில் உள்ள சின்ன நெளிவு சமையலுக்கு எந்தத் தொந்தரவும் தராது, அதை விட்டுவிடலாம்.

மூடி மாறிப்போவது இங்கே அடிக்கடி வரும் குறை. ஒரே அளவுப் பாத்திரங்கள் குவியலாகக் கிடக்கும் இடம் அது. மூடியின் உள்பக்கமும் பாத்திரத்தின் அடியிலும் ஒரே நிறக் கயிறு கட்டினால் உலையில் எரிந்துவிடும். எடை போட்டு ரசீதில் குறிப்பதும் போட்டோ எடுத்துக்கொள்வதும்தான் வழி. பொங்கலுக்கு முந்தைய இரண்டு வாரமும் முகூர்த்த நெருக்கடியும் வேண்டாம். அவசரத்தில் பிசுக்கு எடுப்பது அரைகுறையாகும், திட்டு விழும்.

திரும்ப வாங்கும்போது பாத்திரத்தை வெயிலில் பிடித்து உள்ளே பாருங்கள். எங்கும் மஞ்சள் தெரியக் கூடாது, கழுத்து மடிப்பில் குறிப்பாக. துடைத்த கோடுகள் லேசாகத் தெரிவது குறையில்லை, கையால் பூசியதற்கு அடையாளம் அது. வீட்டில் முதல் நாள் கஞ்சித் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கொட்டிவிடுங்கள். மறுநாள் இரவு புளித்தண்ணீரை ஊற்றி வையுங்கள். காலையில் நீர்மட்டக் கோட்டில் பச்சை ஏறியிருந்தால் எங்கோ ஈயம் பிடிக்கவில்லை, திரும்பக் கொடுக்கலாம். சொன்னால் இரண்டாம் முறை காசு வாங்காமல் பூசிக் கொடுப்பதே இங்கே வழக்கம்.

அதற்குப் பிறகு பொறுப்பு உங்களுடையது. வெறும் பாத்திரத்தை அடுப்பில் வைக்கவே கூடாது. முதலில் தண்ணீர், அப்புறம் தீ. தாளிப்பு வேண்டாம், எண்ணெய் 232 டிகிரியைச் சுலபமாக எட்டிவிடும். தாளிப்பதை இரும்புக் கரண்டியில் தாளித்து மேலே கொட்டுங்கள். மரக் கரண்டி மட்டும். கம்பி நார் கிட்டவே வரக் கூடாது. தினமும் புழங்கினால் சில மாதத்திலிருந்து ஒரு வருஷத்துக்குள் திரும்ப ஈயம் கேட்கும். அடியில் உள்ளங்கை அளவு மஞ்சள் தெரிந்தால் புளி சேர்த்த சமையலை நிறுத்திவிட்டுப் பட்டறைக்குக் கிளம்புங்கள்.

எடைக்குப் போட்டுப் புதுசு வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கடைக்காரர்கள் கேட்பார்கள். அடி பல இடத்தில் மெலிந்து, ஊசி வெளிச்சம் தெரியும் பாத்திரத்தைப் பற்றி அவர்கள் சொல்வது சமையலைப் பொறுத்தவரை சரிதான், அது இனி உலைச் சூட்டைத் தாங்காது. காரீயம் கலந்த பற்று வைத்து அடைத்துத் தருகிறோம் என்றால், அதில் சாப்பாடோ குடிதண்ணீரோ வைக்கக் கூடாது. ஆனால் பெயரோடு எடைக்குப் போட வேண்டாம். வெளியிலிருந்து பற்று வைத்து, உள்ளே ஈயம் பூசாமல், கழுவித் துடைத்துக் கூடத்தில் வையுங்கள். முக்கால் அளவு தண்ணீர் விட்டுப் பூக்களை மிதக்க விடலாம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், பெயர் உள்ள பக்கம் வாசலைப் பார்த்து இருக்கட்டும்.